கெடுவில்லாத சீட்டு

புக்கிட் செராயா தேயிலைத் தோட்டத்தில் 1976 ஜனவரி முதல் தேதிக் கணக்குப்படி ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். அதில் கருப்பையா என்ற பெயர் மட்டும் பதினெட்டுப் பேருக்கு. வேலம்மா இருபத்தொரு பேர். கடிதம் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. 'கருப்பையா, புக்கிட் செராயா தோட்டம், பிரிஞ்சாங்' என்று எழுதி, தபால்தலையை ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தக் கருப்பையா எந்தச் சரிவில், எந்த வரிசைவீட்டு லயத்தில், எத்தனையாவது வீட்டில் இருக்கிறான் என்று கண்டுபிடிப்பது தபால் குமாஸ்தா நாகப்பன் கிராணியின் பாடு.

நாகப்பன் பிறந்தது அதே தோட்டத்தின் மூன்றாம் டிவிசனில். பதினெட்டாம் வயதில் ஆபீஸில் கோப்புத் தூக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், 1956 மார்ச்சில் தபால் பொறுப்புக்கு வந்தார். சம்பளக் கிராணி, கொழுந்துக் கிராணி, ஸ்டோர் கிராணி என்று மற்றவர்களுக்கு மதிப்பான வேலைகள் இருந்தன. தபாலை யாரும் கேட்கவில்லை. இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவி சரோஜா பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர், முழங்கையில் நைந்து போனது, அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால் சாயங்காலம் சங்கு ஊதும் வரை எழுந்திருக்க மாட்டார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அவரிடம் நீல அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. பேர்ப் புத்தகம் என்பார்கள். அதில் வீட்டு எண் இருக்காது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது விநோதமாகப் படும். பெயர், தகப்பன், கணவன் அல்லது மகன் பெயர், எதிரே 'இரண்டாம் டிவிசன்' அல்லது 'நான்காம் டிவிசன்' என்பது, எழுதிய தேதி, அதோடு சரி. லயமும் வீடும் அந்தந்த டிவிசன் கங்காணியின் சின்னப் புத்தகத்தில் இருக்கும். கூரை ஒழுகினால், பக்கத்து வீட்டோடு சண்டை வந்தால், பிள்ளை பிறந்தால் ஜனங்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள். அதைப் பக்கத்தில் இருக்கிறவன்தான் சரியாக எழுத முடியும் என்பது அவர் எண்ணம்.

"எனக்கு எல்லாம் தெரியணும்னு இல்ல. யாருக்குத் தெரியும்னு தெரிஞ்சாப் போதும்" என்பார்.

கூப்பிடுகிற பெயர்களுக்குத் தனி வரி உண்டு. 'குட்டையன்: பார்க்க, மாரிமுத்து, நான்காம் டிவிசன்' என்று இருக்கும். ஆள் ஓர் இடத்தில் இருக்க, கடிதம் வேறு இடத்துக்குப் போக வேண்டியவர்களுக்கு இன்னொரு வகை வரி. கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்ட இருவருக்கு 'கடிதம் மட்டும் பிரிஞ்சாங் நசுருதீன் கடையில் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே ரொட்டி சாப்பிட வருவார்கள். பெயரே இல்லாமல் லயமும் வீட்டு எண்ணும் மட்டும் எழுதி வரும் கடிதங்களுக்காக, தலைகீழாக ஒரு வீட்டுப் புத்தகம், அவ்வப்போது கங்காணிகளைக் கேட்டுத் திருத்தியது: வீட்டைப் பார்த்தால் ஆளின் பெயர் கிடைக்கும். இப்படி எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் பதில் சொல்ல அவர் இருபது வருடமாகக் கோடு போட்டு வந்திருந்தார்.

பையைத் தூக்கி வருகிறவர் மாடசாமி. தினமும் காலையில் தோட்டத்து லோரியில் பிரிஞ்சாங் ஊருக்கு இறங்கி, போஸ்ட் ஆபீஸில் பையை வாங்கி, நசுருதீன் கடை மூலை மேசையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து கடிதங்களைப் பிரிப்பார். மழையில் புத்தகத்தைத் தூக்கித் திரிய முடியாது. அதனால் அடிக்கடி தேவைப்படும் பெயர்களை நாகப்பன் சின்னச் சீட்டுகளில் நகல் எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரு கெடு இருக்கும். 'ஜூன் 30 வரை.' கெடு முடிந்தால் சீட்டைக் கிழித்துவிட்டுத் திரும்ப வந்து கேட்க வேண்டும். ஆள் மாறியிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம், பழைய நகலை நம்பக்கூடாது.

ஒரே ஒரு வகைச் சீட்டுக்கு மட்டும் அவர் கெடு போடவில்லை. இறந்தவர்களின் சீட்டு. செத்தவர்கள் திரும்பி வந்து வீடு மாறப் போவதில்லையே! பேர்ப் புத்தகத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு. சீட்டில் 'இறப்பு, திருப்பி அனுப்பவும்.' அந்தச் சீட்டுகளை மாடசாமி தனியாக ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். அந்தப் பெயருக்கு வந்த கடிதங்களை மலைக்கு மேலே சுமந்து வராமல் போஸ்ட் ஆபீஸ் ஜன்னலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இரண்டாம் டிவிசன், ஏழாவது லயம், நான்காம் வீட்டில் இருந்த ஜெயா அந்த வருடம் மூன்று முறை ஆபீஸுக்கு வந்து போனாள். செப்டம்பர் 20, அக்டோபர் 18, நவம்பர் 15. மூன்றும் திங்கட்கிழமை. கொழுந்தை எடை நிறுத்துக் கொடுத்ததும் கூடையை வெளியே வைத்துவிட்டு வாசலில் நிற்பாள்.

"எனக்குக் கடுதாசி எதும் வந்துச்சுங்களா, கிராணி ஐயா?"

நாகப்பன் பேர்ப் புத்தகத்தைப் பார்ப்பார். வீட்டுப் புத்தகத்தையும் பார்ப்பார். நான்காம் வீடு: அர்ஜுனன், மனைவி ஜெயா, பிள்ளைகள் மூன்று. அந்த வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை.

"வரலம்மா. வந்தா மாடசாமி கொண்டாந்து குடுப்பாரு."

"சரிங்க ஐயா."

அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. மூன்று வயதில் அப்பா கருப்பையாவின் தோளில் கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்தவள். அர்ஜுனனும் பிள்ளைகளும் இந்த நாட்டுக்காரர்கள், அவள் இல்லை. வேலை அனுமதி டிசம்பர் 31-ஓடு முடிகிறது. குடியுரிமை கேட்டு ஏப்ரலில் மனுப் போட்டிருந்தாள். அதற்குள் பதில் வராவிட்டால் ஜனவரி முதல் தேதியிலிருந்து வேலையாட்களை எண்ணும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட முடியாது என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லிவிட்டார். பெரட்டில் பேர் இல்லாதவருக்கு லயத்தில் வீடு இல்லை. போன வருடம் ஐந்தாம் லயத்திலிருந்து ஒரு குடும்பம் தகரப்பெட்டிகளோடு பினாங்குக்குப் போய்க் கப்பலேறியது. மூத்த பிள்ளை மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

நான்காம் முறை அவள் வந்தது டிசம்பர் 6. அன்று நாகப்பன் என்ன நினைத்தாரோ, உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"மனுப் போட்டப்ப ரசீது குடுத்திருப்பாங்களே. வச்சிருக்கியா?"

முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நாலாக மடித்து, மடிப்பு நைந்திருந்தது. நாகப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். கோப்பு எண். தேதி. பெயர்: ருக்குமணி, தகப்பன் கருப்பையா.

"இது யாரும்மா?"

அவள் தரையைப் பார்த்தாள். "நாந்தாங்க."

"நீ ஜெயா இல்ல?"

"மாமியா பேரும் அதேதானுங்க. கல்யாணமாயி வந்த அன்னைக்கே, 'அடியே ருக்குமணின்னு ஒன்னைய வஞ்சா நான் என்னையே வஞ்சுக்கிட்ட மாதிரி இருக்கும், இனிமே நீ ஜெயா'ன்னுட்டாங்க. வீட்டுல அந்தப் பேர யாரு சொல்றதுங்க? அவருக்கு அம்மா பேரு. எனக்கு மாமியா பேரு."

நாகப்பன் பேர்ப் புத்தகத்தைத் திறந்தார். இரண்டாம் டிவிசனில் ருக்குமணி ஒன்றே ஒன்று. சிவப்புக் கோடு. 'இறப்பு, 17.8.73.' அவர் கையெழுத்து. கோட்டை ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருந்தார்.

மாடசாமியைக் கூப்பிட்டார். மாடசாமி சட்டைப் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட கட்டை எடுத்து, மேலிருந்து ஆறாவது சீட்டை நீட்டினார்.

"ரெண்டு கவர் வந்துச்சு கிராணி. ரெண்டும் சர்க்கார் கவரு. அக்டோபர்ல ஒன்னு, போன மாசம் ஒன்னு. நம்ம நசுருதீன் பாய்கூடப் பாத்துட்டு, 'என்ன மாடசாமிண்ணே, செத்தவங்களையும் ஆபீஸுக்கு வரச் சொல்றாங்களா'ன்னு கேலி பண்ணாரு. நானும் சிரிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன். சீட்டுல அப்படித்தான இருந்துச்சு?"

"அப்படித்தான் இருந்துச்சு" என்றார் நாகப்பன்.

ஜெயா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புரிந்தது. அழவில்லை. "அப்ப போயிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நாகப்பன் துரையின் அறைக்குப் போய், டெலிபோன் பேச அனுமதி கேட்டார். குடியுரிமை அலுவலகத்துக்கு டிரங்க் கால் கிடைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. பெயரைச் சொல்லாமல் கோப்பு எண்ணைச் சொன்னார். மறுமுனையில் ஒரு பெண் எங்கோ நடந்து போய், டிராயரை இழுத்து, காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. அதிகாரி தானா ராத்தா மண்டபத்துக்கு வந்து நேரில் விசாரிக்கும் நாள்: டிசம்பர் 9, வியாழன், காலை ஒன்பது. அதற்கு அடுத்த முறை வருவது மார்ச்சில்.

மூன்று நாள் இருந்தது.

திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்த காரியம், சிவப்புக் கோட்டுக்குக் கீழே புதிய வரி ஒன்று எழுதியது. 'ருக்குமணி, தகப்பன் கருப்பையா, கணவன் அர்ஜுனன். இரண்டாம் டிவிசன்.' ஜெயா என்ற பெயருக்கு எதிரே, 'பார்க்க: ருக்குமணி.' வரியின் முடிவில், அதை எழுதிய தேதியைப் போட வேண்டும். பேனா அங்கே நின்றது.

மாடசாமி எட்டிப் பார்த்தார். "57-னு போட்டுடுங்க கிராணி. அவ கல்யாணமாயி வந்த வருஷம். அந்த அதிகாரி புஸ்தகத்தக் கேட்டா? துரை குடுத்த நற்சான்றுக் கடுதாசியில ஜெயான்னு இருக்கு, மனுவுல ருக்குமணின்னு இருக்கு. நேத்து எழுதுன வரியக் காட்டுனா எவன் நம்புவான்? ஒரே பேனா, ஒரே மை. யாருக்குத் தெரியப்போவுது லா?"

நாகப்பன் பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருடத்தில் அவர் தேதியை மாற்றி எழுதியதில்லை. ஆனால் இருபது வருடத்தில் அவர் யாரையும் உயிரோடு அடித்துக் கோடு போட்டதும் இல்லை. ஒரு தேதிக்காக இந்தப் பெண் கப்பலேற வேண்டியதாகிவிட்டால் அந்தச் சுத்தமான புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜெயா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "உண்மைத் தேதியே போடுங்க ஐயா. பொய்யின்னா எனக்கு மலாயில சமாளிக்கத் தெரியாது. உண்மைன்னா நாலு வார்த்தையில சொல்லிருவேன்."

6.12.76 என்று எழுதினார்.

வேறொரு கவலை அவருக்குப் பிறகுதான் வந்தது. மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பியூன் பேரைக் கூப்பிடுவான். இரண்டு முறை கூப்பிடுவான். பத்தொன்பது வருடமாக அந்தப் பெயரை மாமியாருடையது என்று கேட்டுப் பழகியவள், எழுந்து நிற்பாளா?

மறுநாள் காலைப் பெரட்டில், பனி விலகுவதற்கு முன்பே கூடைகளோடு வரிசையாக நின்ற பெண்களுக்கு முன்னால், இரண்டாம் டிவிசன் கங்காணி வீரப்பன், கிராணி சொன்னபடி உரக்கக் கூப்பிட்டார்.

"ருக்குமணி!"

யாரும் வாய் திறக்கவில்லை. ஜெயா மற்றவர்களைப் போலவே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற வேலம்மா அவள் விலாவில் இடித்தாள்.

"ஏண்டி, ஒன்னியத்தான் கூப்புடுறாங்க! ஒனக்கே ஒன் பேரு தெரியல, சர்க்காருக்கு எப்படித் தெரியும்?"

வரிசை முழுவதும் சிரித்தது. ஜெயாவும் சிரித்துவிட்டாள். கொழுந்து எடுக்கப் போன இடத்திலும் அது ஓயவில்லை. இந்தச் சரிவிலிருந்து ஒருத்தி 'ருக்குமணீ' என்பாள், அந்தச் சரிவிலிருந்து ஒருத்தி. ஒவ்வொரு முறையும் அவள் ஒரு கணம் தாமதித்து 'ஓய்' என்றாள். மத்தியானத்துக்குள் அந்தத் தாமதம் பாதியாகக் குறைந்தது.

அர்ஜுனன் தொழிற்சாலையில் உலைக்கு விறகு போடுகிறவர். பகல் சாப்பாட்டு நேரத்தில் கரிபிடித்த கையோடு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏன் கிராணி, செத்துப்போன எங்கம்மா பேர எதுக்கு மலையெல்லாம் கூவுறாங்க? காலையில ஃபேக்டரியில கேட்டுட்டுக் கையில இருந்த கட்டையக் கால்ல போட்டுக்கிட்டேன்."

"ஒங்கம்மாவக் கூப்புடல அர்ஜுனா. ஒன் பொண்டாட்டியக் கூப்புடுறோம்."

"தெரியுது. ஆனா..."

"நீயும் கூப்பிடு. வீட்டுல பழகுனா அவளுக்கு நல்லது."

அர்ஜுனன் கையை வேட்டியில் துடைத்தார். "வாய் வரமாட்டுதே கிராணி. அந்தப் பேரச் சொன்னா அம்மா திரும்பிப் பாக்குற மாதிரி இருக்கு."

நாகப்பன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்தபோது அது இன்னொரு உயிரோடும் ஒட்டியிருந்தது என்று தனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை மழை. பேர்ப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஸ்வெட்டருக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு லோரியில் முன்பக்கம் உட்கார்ந்தார் நாகப்பன். அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஜெயா, கல்யாணப் புடவையில். கியா பார்ம் இறக்கத்திலிருந்து தானா ராத்தா வரைக்கும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மலாய்ப் பதில்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் நாற்பத்தோரு பேர். நாகப்பன் எண்ணினார். பத்தே காலுக்கு பியூன் கதவைத் திறந்து, காகிதத்தைப் பார்த்து, தூக்கக் குரலில் கூப்பிட்டான்.

"ருக்குமணி, கருப்பையா."

நாகப்பன் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு கணம் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"சாயா, துவான்." நான்தான், ஐயா.

உள்ளே அதிகாரி கேள்விகள் கேட்டார். எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள், கொடியில் என்ன நிறங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மாடசாமி பயந்தது கடைசியில் வந்தது. தோட்டத்து நற்சான்றுக் கடிதத்தை எடுத்து, இதில் ஜெயா என்று இருக்கிறதே, ஜெயா யார் என்று கேட்டார். நாகப்பனை உள்ளே வரச் சொன்னார்கள்.

புத்தகத்தைப் பிரித்து வைத்தார். அதிகாரி புதிய வரியைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். மூன்று நாள். புருவம் ஏறியது.

"தவறு என்னுடையது, துவான். கண்டுபிடித்த அன்று எழுதினேன். அதனால் அந்தத் தேதி" என்றார் நாகப்பன், மலாயில்.

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதி. திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தார். புதிய வரிக்கு நேர் மேலே இருந்த சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார். அதே பெயர், அதே டிவிசன், மகன் அர்ஜுனன், 1973. இது யார் என்று அவளைக் கேட்டார்.

"மாமியார், துவான்." அவள் தேடினாள். நாலு வார்த்தைதான் கிடைத்தது. "நாமா சாமா. சூடா மாத்தி." ஒரே பெயர், செத்துவிட்டார்கள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, தமிழிலேயே, "அதனால நான் ஜெயாங்க" என்றாள்.

அதிகாரி கோட்டையும் வரியையும் இன்னொரு முறை பார்த்தார். சிரித்தாரா என்று நாகப்பனால் சொல்ல முடியவில்லை. மீசை லேசாக அசைந்தது. ஒரு காகிதத்தில் எதையோ எழுதி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். வேலை அனுமதியை முடிவு வரும் வரை நீட்டிக்கும்படி துரைக்கு எழுதிய காகிதம் அது.

அன்று முதல் இறந்தவர்களின் சீட்டுக்கும் கெடு வந்தது. அதோடு நாகப்பன் விடவில்லை. தன் புத்தகத்தில் ஆண்களுக்கு இருந்த 'பார்க்க' வரிகளை எண்ணினார்: அறுபத்தெட்டு. பெண்களுக்கு, ஜெயாவின் வரியைத் தவிர, ஒன்றுகூட இல்லை. மருமகள்களின் பெயரை அவர் எப்போதும் வீட்டு ஆண்களிடம் கேட்டே எழுதியிருந்தார். ஜனவரியில் சாயங்காலங்களில் குடையோடு லயம் லயமாகப் போனார். "அம்மா, ஒங்கப்பா வச்ச பேரு என்ன?" என்று வாசலில் நின்று கேட்டார். சிலர் வெட்கப்பட்டார்கள். சிலர் உள்ளே போய்ப் பழைய காகிதத்தை எடுத்து வந்தார்கள். நான்காம் டிவிசனில் ஒரு கிழவி யோசித்து யோசித்து, அடுத்த நாள் வரச் சொன்னாள். மொத்தம் நாற்பத்து மூன்று பெயர்கள் கிடைத்தன.

சர்க்கார் கவர் 1977 மார்ச் 22 அன்று வந்தது. மாடசாமி அதை நசுருதீன் கடையில் பிரிக்கவில்லை, ஆபீஸிலும் வைக்கவில்லை. நேராக ஏழாவது லயத்துக்குப் போனார். நாகப்பனும் பின்னாலேயே போனார், டிவிசன் புத்தகத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டு. நான்காம் வீட்டு வாசலில் அர்ஜுனன் விறகு பிளந்துகொண்டிருந்தார். கவரை வாங்கி, மேலே எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். கோடரியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

உள்ளே பார்த்து, "ருக்குமணி" என்றார். குரல் பாதியில் உடைந்தது. திரும்பவும் கூப்பிட்டார். "ருக்குமணி, இங்க வா புள்ள. ஒனக்குக் கடுதாசி வந்திருக்கு."

அடுப்படியிலிருந்து உடனே பதில் வந்தது.

"இந்தா வந்துட்டேன்."